ஈரம் காயாத உறை

எஸ்டேட் ஃபேக்டரியின் சங்கு நின்றுபோன வருஷம் எனக்கு ஒன்பது வயது. தேயிலை விலை விழுந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். விழுந்ததை யாராவது எடுத்து வைக்கக் கூடாதா என்று நான் யோசித்ததுண்டு. கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் இலை பறிப்பதை நிறுத்தியபின், இடுப்பளவு நின்ற செடிகள் ஆளுயரம் வளர்ந்து பாதையின் இருபுறமும் மரங்களாகிவிட்டன. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. இருந்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்பா எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டியவர். லாரி நின்றதும் பழைய ஆம்னி வேன் ஒன்றைப் பிடித்து, ஊரைவிட்டுப் போகிறவர்களைக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடத் தொடங்கினார். போகும்போது வேனில் இடம் இருக்காது. வரும்போது அப்பா மட்டும் வருவார்.

பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி மேனேஜர் பங்களாவின் பின்பக்கமாகப் போனது. துரை என்று எல்லோரும் சொன்ன மேனேஜரின் குடும்பம் முந்தைய வருஷமே காலி செய்துவிட்டிருந்தது. சன்னல்கள் சாத்திக் கிடக்கும். ரோஜாச் செடிகளைக் காட்டுக்கொடி மூடியிருந்தது. ஆனால் கொல்லைக் கொடியில் ஒரு துணி தொங்கும். மஞ்சள் நிறம், சின்னக் குழந்தையின் முதுகளவு. அதில் மேலே இரண்டு கீறல், கீழே நடுவில் ஒரு கீறல். பனிமூட்டத்துக்குள் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரு வாயும். எந்நேரமும் அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். சில நாள் காணாமல் போகும். ஒருவழியாகப் போய்த் தொலைந்தது என்று நினைத்திருந்தால், இரண்டு நாள் கழித்து மறுபடி நனைந்து தொங்கும். ஆளில்லாத வீட்டில் துணி துவைப்பது யார் என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம்.

தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. பனி இறங்கினால் அவனுக்கு இளைப்பு வந்துவிடும். வாரம் ஒருமுறை கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் மூன்று வளைவுக்கு ஒருமுறை வாந்தி எடுப்பான். அம்மா அவனை மடியில் வைத்து, முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு போவாள். ஒருநாள் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று ரோட்டில் இறங்கிவிட, அப்பா பிரேக்கை மிதித்தார். தம்பி அம்மாவின் கையிலிருந்து வழுக்கிப் போய்க் கதவில் மோதினான். நெற்றியில் மூன்று தையல்.

அன்று மாலை அம்மா சத்தம் போடவில்லை. தம்பியைத் தூங்கவைத்துவிட்டு வந்து சொன்னாள்: "எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானுங்க. இனி இவன மடியில வெச்சுட்டு அந்த வண்டியில ஏறமாட்டனுங்க."

துண்டால் கட்டிவைக்கலாமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். அம்மா தலையாட்டவில்லை. அப்போதுதான், துரை காரில் குழந்தையை உட்காரவைக்கும் சீட் ஒன்று இருந்ததாகவும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது என்றும் அப்பா சொன்னார். சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா விடவில்லை. மறுநாள் மதியம் நாங்கள் நால்வரும் பங்களாவுக்குப் போனோம்.

நான் பயந்துகொண்டே போனேன். ஆனால் பின்கதவைத் திறந்தது பேய் இல்லை, ஆயா. துரையின் குழந்தையை வளர்த்தவள். சிலோனிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. வயது அதிகமில்லை, நாற்பதுகூட இருக்காது. வேலை ஆயா வேலை என்பதால் எல்லோருக்கும் ஆயா. சுவர் பூசணம் பிடிக்காமல் இருக்க அடுப்பு மூட்டிவைக்கும்படி சாவியை அவளிடம் கொடுத்துப் போயிருந்தார்கள். எதற்கு வந்தோம் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் ஒன்றும் கேட்காமல் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அறைகளில் எதுவும் இல்லை. படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தன. தரை முழுவதும் தூசி. அதில் ஒரே ஓர் ஆளின் கால்தடம், போனதும் வந்ததுமாக, ஒரே பாதையில் கடைசி அறைவரை போனது. அங்கே கணப்படுப்புக்கு முன்னால் அந்தச் சீட் இருந்தது. அதன்மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. உறை மஞ்சளாக இருந்தது. தோள்பட்டை வார்கள் இரண்டு கீறல்கள் வழியாகவும், கால்களுக்கு நடுவே வரும் வார் கீழ்க்கீறல் வழியாகவும் வெளியே வந்திருந்தன. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது இதைப் பார்த்துத்தான். அது தெரிந்தபிறகும் எனக்குப் பயம் போகவில்லை.

தம்பி புதுமுகம் பார்த்தாலே அலறுவான். அம்மா அவனை அதில் உட்காரவைத்தபோது அவன் அழவில்லை. ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தான், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல. பிறகு ஆயாவின் தோளுக்குப் பின்னால் ஒன்றுமில்லாத மூலையைப் பார்த்துச் சிரித்தான். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஆயா அவனைத் தொடவில்லை. இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா பஞ்சை அழுத்திப் பார்த்தாள். நல்ல மெத்தென்ற துணி, அடியில் கனத்த பஞ்சு. இத்தனை நல்ல பொருளை அன்றைக்கு ஏன் காரில் வைக்கவில்லை என்று அவள் கேட்டாள். எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

"பேபி வாந்தி எடுத்திருச்சு தங்கச்சி. கவரக் கழட்டித் தொவச்சுப் போட்டேன். பனி விடவே இல்ல, காயல. ஈரத்துல வச்சா சளி பிடிக்கும்னு தொரைசாணி மடியில வச்சுக்கச் சொன்னாங்க. மடியிலதான் வச்சிருந்தேன்."

ஆயா அத்துடன் நிறுத்திவிட்டாள். பிறகு, அவசரமாக, "இப்ப காஞ்சிருச்சு. தொட்டுப் பாருங்க. போன வாரங்கூடத் தொவச்சேன். எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

முந்தைய வருஷம் துரையின் கார் மூன்றாம் வளைவில் உருண்டது எங்களுக்குத் தெரியும். குழந்தையை அதன் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன்.

ஆயாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, மழைக்காலத்துல இது காய எத்தன நாளாகுமுங்க?"

"மூணு நாளு. சமயத்துல நாலு."

அம்மா குனிந்து தம்பியைத் தூக்கிக்கொண்டாள். ஒருத்தி அழுதுகொண்டிருக்கையில் துணி காயும் கணக்குக் கேட்கிறாளே என்று எனக்கு அம்மாமேல் வெட்கமாகிவிட்டது. சீட்டை எடுக்காமலே திரும்பினோம். வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போனோம். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஊரைவிட்டுப் போகிறவர்களின் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. போர்டிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு கிளம்பிப் போனதில் இரண்டு குழந்தைச் சீட்டுகள் வந்திருந்தன. ஒன்று வெல்வெட் போட்டு ராஜா நாற்காலிபோல இருந்தது. அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. மற்றது சாம்பல் நிறத்தில் வழவழவென்று, பார்க்கப் பக்கெட்டைப்போல இருந்தது. அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டின்மேலும் ஊற்றினாள். கடைக்காரர் எழுந்தே விட்டார். அம்மா முந்தானையால் இரண்டையும் துடைத்து, கையை வைத்துப் பார்த்தாள். வெல்வெட் ஈரத்தைக் குடித்துவிட்டிருந்தது. சாம்பல் நிறச் சீட் நொடியில் காய்ந்துவிட்டது.

அதன்பிறகும் அவள் விடவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடியில் விரிசல் இருக்கிறதா என்று தடவினாள். வார்களை விரல்விரலாக நகர்த்தி, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பூட்டை மாட்டி, தன் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தாள். இந்தச் சீட் இருந்த வண்டி எங்கேயாவது மோதியதா என்று கேட்டாள். கடைக்காரர் இல்லவே இல்லையென்று சொன்னார். அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அதையே எடுக்கச் சொன்னாள்.

வேனின் பின்சீட்டில் பெல்ட் கிடையாது. கோத்தகிரி மெக்கானிக் தரையில் துளையிட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். சீட்டை அதில் இறுக்கிக் கட்டி, தம்பியை உட்காரவைத்து, முதல்முறையாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

பங்களா கேட்டருகே ஆயா நின்றிருந்தாள். அப்பா வண்டியை நிறுத்தினார். அவள் பின்கதவுப் பக்கம் வந்து தம்பியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "இத எப்படிப் பூட்டுறதுன்னு காட்டு புள்ள," என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூட்டைக் கழற்றி, ஒவ்வொரு வாராக மாட்டி, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும் என்று டீச்சர்போலச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை எடுத்து மாட்டினாள். சத்தம் வந்தது. கழற்றினாள். மறுபடி மாட்டினாள். வாருக்கும் தம்பியின் மார்புக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். அதை நான் சொல்லித் தரவில்லை. மறுபடி கழற்றினாள். பனி வேனுக்குள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்பா எஞ்சினைப் போடவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவுமில்லை.

ஆறோ ஏழோ முறை மாட்டிய பிறகுதான் கதவைச் சாத்தினாள்.

வண்டி நகர்ந்ததும், இத்தனை சொல்லியும் ஆயாவுக்குக் கை வரவில்லை, அடுத்த வாரம் இன்னொருமுறை சொல்லித் தர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"சொல்லிக்குடு கண்ணு," என்றாள் அம்மா, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே.