வரிப்பணத்தில் பிக்னிக்

அந்த மனிதரை மன்னிக்கும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் எங்கள் வீடு. தி. நகர் துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி, வேலையை விட்டுவிட்டு நான் வீட்டோடு இருந்த சமயம் அது. நகரத்து ஏழைகளுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தில் ஆள் எடுத்தார்கள். மழைக்காலத்துக்கு முன் தெருவோர மழைநீர் வடிகால்களில் மண் அள்ள வேண்டும். பன்னிரண்டாவது முடித்தவள் என்பதால் பத்துப் பெண்களுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். வந்தவர்களைப் பதிவதும், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்புவதும் என் வேலை. மற்ற நேரம் நானும் அள்ளினேன்.

பத்துப் பேரில் ஒருத்தி எங்கள் எதிர்வீட்டு அக்கா. பல வீடுகளில் தரை துடைத்தே முழங்கால் தேய்ந்து போனவள். தன் பெயரில் வங்கிக் கணக்கு என்று ஒன்றை அவள் பார்த்தது இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

நாலாம் நாள், ஒரு பெரிய அபார்ட்மெண்டுக்கு எதிரே மூடியைத் தூக்கியதும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மே இது, மழைத்தண்ணி போற காவான்னுதானே சொன்னாங்க? கக்கூஸ் நாத்தம் அடிக்குது."

குனிந்து பார்த்தேன். அபார்ட்மெண்ட் சுவருக்கு அடியிலிருந்து ஒரு குழாய் நேராக வடிகாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கழிவுநீர் அதில் கொட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி.

"சார், உங்க பில்டிங் கழிவு மழைக்காவால வந்து விழுது. கிளவுஸெல்லாம் கிழிஞ்சி கையோட அள்ளிக்கினு கீறோம்."

"அது பழைய லைன்மா. உனக்கு எதுக்கு அதெல்லாம்? கவர்ன்மெண்ட் சம்பளம் தருதில்ல? அள்ளிட்டுப் போ."

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். இரண்டாம் மாடி பால்கனியில் போனோடு அந்தச் செயலாளர் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ என் தம்பியின் வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. 'நம் வரிப்பணத்தில் பிக்னிக்' என்று மேலே எழுதியிருந்தார்.

மாநகராட்சி அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். சாப்பாட்டு நேரம் என்பதற்கு எல்லா ஆதாரமும் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியும்மா. மேலேர்ந்து கேக்குறாங்க. யாரையாவது நிறுத்தித்தான் ஆவணும்."

வீடியோவில் நன்றாகத் தெரிந்த முகம் அக்காவுடையது. அவளை நிறுத்தினார்கள். வாடகை கொடுக்க வழியில்லாமல் அந்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஊருக்கு வெளியே மறுகுடியேற்றக் குடியிருப்பில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள்.

குழாய் போட்டோவை நான் யாருக்கும் அனுப்பவில்லை. மனுவாகக் கொடுத்தால் ஏதாவது பைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒரு வருஷம் அந்தத் தெரு வழியாகத்தான் பால் வாங்கப் போனேன். குழாய் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன். அது இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் பகுதி மக்கள் கூட்டம் நடந்தது. அந்தச் செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"வரி கட்டறது நாங்க. மிஷின் ஒரு நாள்ல முடிக்கற வேலைக்குப் பத்துப் பேர், பத்து நாள். இந்தத் திட்டத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

கேள்வி தப்பில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அள்ளும்போது இது வெட்டி வேலையோ என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் அதைக் கேட்க அந்த வாய்க்கு யோக்கியதை இல்லை.

எழுந்தேன். குழாய் போட்டோவைப் போனில் எடுத்து, முன்னால் உட்கார்ந்திருந்த வார்டு கவுன்சிலரம்மாவிடம் நீட்டிவிட்டுப் பேசினேன்.

"வரி கட்டுறீங்க சார், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தத் துட்டுல நாங்க அள்ளுனது உங்க வூட்டுக் கக்கூஸைத்தான். மிஷின் வெச்சி அள்ளினாலும் மறுநாளே ரொம்பிடும். பிக்னிக்குன்னு போட்டீங்களே, வாங்க, இப்பவே மூடியைத் தூக்கிக் காட்டறேன். பக்கத்துல உக்காந்து நீங்க சாப்புடுங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் உட்கார்ந்தார். போட்டோவில் அபார்ட்மெண்டின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது.

அந்த வாரமே மாநகராட்சி ஆட்கள் வந்து குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். எதிர்ப்பக்கம் நின்று கடைசிப் பூச்சு வரை பார்த்தேன். இரண்டே நாளில் கழிவு திரும்பிப் போய் அவர்கள் கார் நிறுத்தும் தளத்தில் நின்றது. கழிவுநீர் லாரிகள் வரிசை கட்டின. வீட்டுக்காரர்கள் சண்டை போட்டு அவரைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

அந்தத் தளத்தில்தான் வாட்ச்மேன் குடும்பமும் இருந்தது. அது எனக்கு அதுவரை தெரியாது. பால் வாங்கப் போன என்னை, நனைந்த பாயைச் சுவரில் போட்டபடி வாட்ச்மேன் மனைவி கேட்டாள்: "அந்தாளு மேல உனக்குக் கோவம். எங்க பாயி ஏன் நனையணும்?"

உள்ளே போய் அவளோடு சேர்ந்து அந்த அறையைக் கழுவினேன். அப்போது அந்தப் பழைய செயலாளர் படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இப்போ திருப்தியாம்மா?"

"இல்ல சார். எங்க அக்காவ நிறுத்துனது நிறுத்துனதுதான்."

அக்காவுக்குப் போன் செய்தேன். "அவன் மூஞ்சி எப்படிப் போச்சி? மொதல்லேர்ந்து சொல்லு," என்றாள். மூன்று முறை சொன்னேன். வாட்ச்மேன் வீட்டுப் பாயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

இந்த வருஷம் அந்த வடிகாலில் இலையும் மண்ணும்தான் வந்தது. அரை நாளில் முடித்துவிட்டோம்.