அரைக் கட்டை மேலே

திருச்சி வட்டாரத்தில் அடிச்சுரம் வாசிக்கும் பழைய பேஸ் கிட்டாரை விற்க வேண்டுமென்றாலும் வாங்க வேண்டுமென்றாலும் ஆட்கள் பொன்மலைக்குத்தான் போவார்கள். அங்கே பிரான்சியின் வீட்டு முன்னறையில் சோபா மேலும் பீரோவுக்குப் பின்னாலும் கிட்டார்கள் சாய்ந்து கிடக்கும். இன்ஜினியரிங் படிக்க வந்த பையன்கள் முதல் வருடம் ஆசையாக வாங்கியதைப் படிப்பு முடிந்து போகும்போது அவளிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். பிறகு அதை மருங்காபுரிப் பக்கத்துச் சின்ன சர்ச் ஒன்று வாங்கிப் போகும். நடுவில் பிரான்சி ஒரு கண்ணை மூடி அதன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கரகரக்கும் குமிழைச் சரிசெய்வாள். ஓசை செத்த கம்பிகளைக் கழற்றித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பாள். அழுக்கு இறங்கிக் கம்பிக்குக் கொஞ்ச நாள் உயிர் வரும்.

"அடுப்புல என்னங்க, நூடுல்ஸா?" என்று கேட்டவர்கள் உண்டு.

"சாப்பிட்டுப் பாருங்க. பல்லு இருந்தாச் சொல்லுங்க" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

சாயங்காலங்களில் கல்யாண வரவேற்புகளில் பேஸ் வாசிப்பாள். மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பாள். போட்டோவில் பாதி நாள் அவள் தோள் மட்டும்தான் விழும். அதில் அவளுக்குக் குறையில்லை. குறையெல்லாம் ஒரே ஒரு ஆள்மேல்தான். முன்வரிசையில் மைக் பிடித்து நிற்கும் ஜெயக்குமார் மேல்.

ஸ்ரீரங்கத்துக்காரர். சொந்தமாக இசைக்குழு வைத்திருந்தார். நல்ல குரல், அதைவிட நல்ல வாய். பிரான்சியின் அப்பா பெனடிக்ட் இறந்து பதினாறாவது நாளோ என்னவோ, துக்கம் கேட்க வந்தார். கேட்டு முடித்ததும் அவர் கண் அறையின் மூலையில் நின்ற டபுள் பேஸ் மேல் போனது. ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும் அது. நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். பெனடிக்ட் அதைப் பொன்மலைச் சர்ச்சிலும் ரயில்வேக்காரர்களின் கிறிஸ்துமஸ் நடனத்திலும் வாசித்தவர். பிரான்சிக்கு அப்போது கிட்டார் மட்டும்தான் தெரியும். அப்பாவின் வாத்தியத்தைத் துடைப்பதோடு சரி.

"பார்க்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு ஜெயக்குமார் நான்கு கம்பிகளையும் ஒன்றாகத் தளர்த்தினார். கம்பிகளைத் தாங்கி நின்ற குதிரைக்கட்டை சாய்ந்தது. உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. அவர் வாத்தியத்தை மெல்ல ஆட்டினார். கடகடவென்று கேட்டது.

"ஐயோ, உள் எலும்பு ஒடிஞ்சு போச்சேம்மா. உங்கப்பா சொல்லலியா? இதுக்கு மேல இது வெறும் பலகைதான். வீட்டுல வச்சா செல்லரிக்கும். நான் வேணா எடுத்துட்டுப் போறேன், மேடையில அலங்காரத்துக்கு வச்சுக்கறேன்."

பிரான்சி பலகை விலைக்குக் கொடுத்தாள். பாவம் பார்த்து வாங்கிக்கொண்டார் என்று நினைத்து, சுற்றி வண்டியில் ஏற்ற ஒரு பழைய போர்வையும் கொடுத்தாள்.

விஷயம் தெரிய ஒரு வருடம் ஆனது. மூடப்போகும் இசைப்பள்ளி ஒன்றிலிருந்து அவளே ஒரு டபுள் பேஸை வாங்கினாள். கொண்டுவர வசதியாக இருக்கட்டும் என்று கிட்டார் பழக்கத்தில் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினாள். அதே சத்தம். அதே உருட்டல். பயந்துபோய்ப் பாலக்கரையில் வயலின் பழுதுபார்க்கும் காத்தமுத்துவிடம் தூக்கிப் போனாள். அவர் வளைந்த கம்பி ஒன்றை வாத்தியத்தின் ஓட்டைக்குள் விட்டு, விழுந்துகிடந்த ஒரு மரக்குச்சியை நிமிர்த்தி நிறுத்தினார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"இந்தக் குச்சிய யாரும் ஒட்ட மாட்டாங்க. மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவுல சும்மா நிக்கும். கம்பி அழுத்துறதாலதான் நிக்குது. மொத்தமாத் தளர்த்துனா விழுந்துடும். ஒவ்வொண்ணாத்தான் கழட்டணும்" என்றார்.

ஜெயக்குமாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று அவள் ஒரு வாரம் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானத்தை உடைத்தவர் கீபோர்டு வாசிக்கும் ஜமீல். ஜெயக்குமார் குழுவில் பேஸ் ஆள் நின்றுபோய், பிரான்சியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்திகையில் அப்பாவின் டபுள் பேஸ் பாலிஷ் பளபளக்க நின்றது. யாருடையது என்று தெரியாமல் ஜமீல் சிரித்தபடி சொன்னார்:

"அண்ணன் கில்லாடி. எங்கேயோ எழவு வீட்டுல அமுக்கிட்டு வந்தாரு. குச்சிய நிறுத்துற கம்பி வண்டி டிக்கியிலேயே இருந்துச்சாம். அன்னிக்குச் சாயங்காலமே வாசிக்க வச்சுட்டாரு."

பிரான்சி தன் கிட்டாரின் சுருதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். அது ஏற்கெனவே சரியாக இருந்தது. அன்றே குழுவில் சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள்.

கேட்டு வாங்குவதோ சண்டை போடுவதோ அவளுக்குப் போதவில்லை. அவர் அழகாகப் பொய் சொன்ன அந்த வாயே அவரைக் கைவிட வேண்டும், ஊர் பார்க்க, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது. அதற்காக அவள் ஆறேழு மாதம் ஒழுங்காக வாசித்தாள். நேரத்துக்கு வந்தாள். "பிரான்சி மாதிரி இருக்கணும்" என்று அவரே மற்றவர்களிடம் சொல்லும் அளவுக்கு இருந்தாள்.

தில்லை நகரில் ஒரு பெரிய வரவேற்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் நண்பர் நிஜாமுதீன் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தார். அங்கே தமிழர் விழாக்களுக்குக் குழுக்களை அழைத்துப் போகிறவர். பாடுவதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜெயக்குமாருக்கு அன்று லேசான சளி. மிளகை வாயில் அடக்கிக்கொண்டு சுற்றினார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு தொடங்குமுன் ஜெயக்குமார் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, விரலால் சுருதி காட்டுவார். சுண்டு விரலை மடக்கினால் வழக்கத்தைவிட அரைக் கட்டை கீழே என்று அர்த்தம். சபைக்குத் தெரியாது. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும்.

பிரான்சி தன் ஸ்பீக்கர் பெட்டியை அன்று அவர் காலுக்கு நேர் பின்னால் வைத்தாள். "ஏம்மா இங்க?" என்றார். "பிளக் இங்கதான் இருக்குங்கண்ணே" என்றாள்.

முதல் நாலைந்து பாட்டும் சுத்தமாகப் போயின. பிறகு அவருடைய பேர் சொல்லும் மெலடி வந்தது. சுண்டு விரல் மடங்கியது. ஜமீல் அரைக் கட்டை இறக்கி ஆரம்பித்தார். பல்லவி முழுக்கப் பிரான்சியும் அவரோடு இறங்கியே வாசித்தாள். சரணத்தில் குரல் நீண்டு நிற்கிற இடம் வந்ததும் பழைய கட்டைக்கு ஏறிக்கொண்டாள். அரைக் கட்டைதான்.

கூட்டத்தில் ஒருவருக்கும் பேஸ் காதில் விழவில்லை. பாடகர் எங்கோ வழுக்குவதுதான் விழுந்தது. ஜெயக்குமாரின் காலடியிலிருந்து தரையே ஏறிக்கொண்டது போல இருந்திருக்க வேண்டும். எதனால் என்று புரியாமலே அவர் பேஸின் சுருதியைப் பிடிக்க ஏறினார். ஏறியதும் கீபோர்டு இடித்தது. இறங்கினார், பேஸ் இடித்தது. மைக்கைத் தட்டினார், காதைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. நிஜாமுதீன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது சரணத்துக்கு முன்பே சாப்பிடப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பாடுகிற ஜெயக்குமாரின் கழுத்து நரம்பைப் பிரான்சி பார்த்துக்கொண்டே வாசித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் பாட்டையும் வாசித்ததில்லை.

வயர் சுருட்டும்போது ஜமீல் பக்கத்தில் வந்தார். "விரலு தெரியலையா?"

"தெரியலங்க பாய்."

"நான் தூரத்துல இருந்தேன், எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்குக் கைக்கெட்டுற தூரம்." சுருட்டிய வயரைப் பெட்டியில் போட்டார். "ஷார்ஜாவுக்கு நானும் போயிருப்பேன்ல, பிரான்சி. தங்கச்சி நிக்காஹ்வுக்கு அந்தக் காசைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்."

அது அவள் கணக்கில் இல்லாதது. மேடையில் நடந்ததை மேடையைவிட்டு இறக்குவதில்லை என்பது வாத்தியக்காரர்களின் முறை. ஜமீல் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அவள் வாசிக்கும் எந்த மேடைக்கும் அவர் வரவில்லை.

ஜெயக்குமார் இரண்டு மாதத்தில் குழுவைக் கலைத்தார். பிரான்சிக்கே போன் வந்தது. "சாமானெல்லாம் கொடுக்கப் போறேம்மா. உங்கப்பாவோட பெரிய பேஸும் இருக்கு. வாங்கறதுன்னா நீதான். வந்து பாரேன்."

ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பின்னால் மாடியில் வீடு. அவர் மனைவி பிரேமலதா காபி கொண்டுவந்து வைத்தாள். "காது டாக்டர்ட்ட மூணு தடவை போயாச்சு. ஒண்ணுமில்லைங்கறாங்க. இவரு நம்பினாத்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜெயக்குமார் இளைத்திருந்தார். ச, ரி, க என்று பாடிக் காட்டினார். ஊசி குத்தின இடத்தில் நூல் போவது போல அத்தனை சுத்தமாக இருந்தது.

"எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு."

பிரான்சி இங்கே வந்ததே வாத்தியத்தை வாங்கிப் போக மட்டும்தான். அவர் இப்படியே கிடக்கட்டும் என்று படியேறும்போது நினைத்திருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று பிடித்துக்கொண்டது. யார் அடித்தது என்று தெரியாமலே அழுகிற ஆளை அடித்து என்ன பிரயோஜனம்? இவர் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் பாட்டு திரும்பக் கிடைத்துவிடும். கிடைக்கட்டும். தெரிந்தே ஆக வேண்டும்.

"உங்க காது நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் வேணும்னுதான் அரைக் கட்டை மேல வாசிச்சேன். நீங்க எங்கப்பா பேஸை ஏமாத்தி வாங்கினதுக்கு."

அவர் அவளையே பார்த்தார். அவள் காத்திருந்தாள். திட்டுவார், கை ஓங்குவார், குறைந்தபட்சம் முகம் சுருங்கும் என்று.

அவர் கண் கலங்கியது. "என்னைத் தேத்தறதுக்குன்னு பழியத் தூக்கித் தலையில போட்டுக்கற பாரு."

"இல்லங்கண்ணே. நெஜமாத்தான் சொல்றேன்."

"போம்மா." போனை எடுத்து அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினார். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீபோர்டு கேட்டது, டிரம்ஸ் கேட்டது, தள்ளாடித் தள்ளாடிப் போகும் அவர் குரல் கேட்டது. பேஸ் மட்டும் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. "இதுல நீ எங்கேம்மா இருக்கே? நானேதான் அலையறேன். நூறு தடவை பார்த்துட்டேன்."

"போன்ல பேஸ் வராதுங்க. பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க. ஜமீல் பாயைக் கேளுங்க."

"அவனும் உன்ன மாதிரிதான், நல்ல பையன். எனக்காகப் பொய் சொல்லுவான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பா விஷயத்துல நான் செஞ்சது தப்புதான். அது தெரிஞ்சும் நீ என்கிட்ட ஒழுங்கா வாசிச்சே. அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் அவமானமா இருக்கு. விலையெல்லாம் பேச வேணாம், எடுத்துட்டுப் போ."

"காசு வாங்கிக்குங்க" என்றாள் பிரான்சி. அவள் குரல் உயர்ந்ததை அவளே அன்றுதான் கேட்டாள். "எனக்குச் சும்மா வேணாம்."

அவர் வாங்கவில்லை. பிரேமலதா வந்து, "அவர் மனசு ஆறட்டும், வச்சுக்கம்மா" என்றாள்.

பிரான்சியும் ஜெயக்குமாரும் சேர்ந்து டபுள் பேஸை மாடிப்படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் இடித்துவிடாமல் ஜெயக்குமார் தன் தோளைக் கொடுத்து நின்றார். லோடு ஆட்டோவில் படுக்கவைத்து, அவரே கயிறு கட்டினார். "மெதுவாப் போப்பா, காவேரிப் பாலத்துல குலுங்கும்" என்று டிரைவரிடம் சொன்னார்.

ஆட்டோ கிளம்பியது. அவர் தெருவில் நின்று கையைக் கூப்பினார். பிரான்சி பதிலுக்குக் கும்பிடவில்லை. வாயில் வந்த எந்த வசவும் அந்த ஆளிடம் போய்ச் சேராது என்று தெரிந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பி, "வேகமாப் போங்க" என்றாள்.