நான் அளந்த பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி சாமியை மூன்று மாடி இறக்கினேன். தலைப்பக்கம் நான், கால்பக்கம் குணா என்கிற லோரி டிரைவர். இரண்டடிச் சிலைதான். ஆனால் கருங்கல். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

சாமிக்கு மூன்றாவது மாடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவரை அங்கே ஏற வைத்ததே நான்தான். சொல்ல இஷ்டமில்லை… இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் புதுப் பைத்தியம் தெரியும். க்யூப்! ஆறு பக்கமும் சதுரமாக இருக்கிற பெட்டி. சில மாதங்களாக என் போனில் நான் எடுப்பது அந்தப் படம் மட்டும்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பங்சாரில் ஒரு கண்ணாடி ஆபீஸ். ஸ்ரீ கெம்பாங்கான் பாசாரில் தண்ணீரில் கிடக்கும் டோஃபு துண்டுகள். கிள்ளான் வாசகி ஒருவர் மைசூர்பாகைப் படம் பிடித்து அனுப்பி, “இது சேருமா சார்?” என்று கேட்டிருந்தார். சேராது, அது செங்கல் வடிவம். ஆனாலும் அன்று மாலையே கடைக்குப் போய் இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏன் பெட்டி? களைப்புதான், வேறென்ன? சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் கேமராவை என் கையில்தான் திணிப்பார்கள். முப்பது வருஷமாக இதே கதை. “அங்கிள், கண்ண மூடிட்டேன், இன்னொன்னு எடுங்க.” “அங்கிள், என் கை குண்டாத் தெரியுது லா.” பெட்டிக்கு மூடுவதற்குக் கண் இல்லை, குண்டாவதற்குக் கையும் இல்லை. ஆள் இல்லாத படம் எவ்வளவு நிம்மதி தெரியுமா? யாராவது குறுக்கே வந்தால் அவர் போகும்வரை காத்திருப்பேன். போகாவிட்டால் போகச் சொல்வேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. பண்டமாரான் பக்கம் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். முழுக்கைச் சட்டை, இன் பண்ணி, கறுப்பு ஷூ, கழுத்தில் நடுவர் அட்டை. முடிந்து திரும்பும்போது ஓர் அடுக்குமாடி ஃபிளாட்டின் கார் பார்க்கில் அது கண்ணில் பட்டது. நெஞ்சு உயரத்தில் வெள்ளையடித்த சிமெண்டுக் கோயில். கோபுரம் இல்லை, கூரையும் தட்டை. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் ஒரே சதுரம்!

நிஜமாகவே க்யூப்தானா? என் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். எடுத்து அளந்தேன். உயரம், அகலம், ஆழம், மூன்றும் ஒன்றே. நோட்டில் எழுதினேன். பிறகு நான்கு பக்கமும் படம்.

வாசல் பக்கம் ஓர் அம்மா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“எதுக்குங்க?”

“சும்மா… ரெக்கார்டுக்குத்தான்.”

அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். சாமியின் மேல் துணியைப் போட்டு, கதவைச் சாத்தி, ஒதுங்கி நின்றார். சாத்திய கதவோடு பெட்டி இன்னும் கச்சிதமாக இருந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம். “தேங்ஸ் அக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் பார்த்தால் ஒரு படத்தில் மோட்டார் சைக்கிளின் நிழல் விழுந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த ஒரு படத்துக்காகத் திரும்பவும் போனேன். டி-ஷர்ட், சிலிப்பர்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே சாமி இல்லை. சிலை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். பக்கத்தில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர்தான் குணா.

“தூக்கிட்டோம் அண்ணே. போன வாரம் முனிசிபல் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வந்து அளந்து, போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். போன வருஷம் அந்த முனையில இருந்த வாழைப்பழ ஸ்டாலுக்கும் இப்படித்தான். மொதல்ல போட்டோ, அப்புறம் நோட்டீஸ், அப்புறம் இடிச்சு அள்ளிட்டுப் போக லோரி.”

“அடப்பாவி! அவனுக்கு ஈவிரக்கமே இல்லையா?” என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். எந்த ஆபீஸ்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வேறு நின்றேன். அதற்குள் அந்த அம்மா படியிறங்கி வந்தார். சரோஜா அக்கா. கோயிலுக்குத் தினமும் விளக்கேற்றுகிறவர். என் முகத்தைப் பார்த்ததும் கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

“குணா… இவருதான்டா.”

அளந்துவிட்டுப் போன அந்த ஆபீஸ்காரன் நான்தான்! பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். ஆபீஸும் இல்லை, நோட்டீஸும் இல்லை. பத்திரிகையில் எழுதுகிறவன். பெட்டி படம் எடுக்கிறவன். ஆதாரத்துக்குப் போனைக் காட்டினேன். குணா ஒவ்வொன்றாகத் தள்ளினார். தொட்டி, டோஃபு, ஐஸ் கட்டி, மின்சார அறை…

“இதெல்லாம் எதுக்கு அண்ணே?”

நியாயமான கேள்வி. போனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சரோஜா அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“காவலுக்கு நிக்கிற சாமி தம்பி. அவர மூணாவது மாடியில எங்க வீட்டு ஹால்ல, டிவி பக்கத்துல வச்சிருக்கேன். சுருட்டு கொளுத்த முடியல, வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. அதுகூடப் பரவால்ல. என் மகன் தினேஷ் போர்ட்ல வேலை செய்யிறான். கண்டெய்னர் லோரிங்க நடுவுல மோட்டார் சைக்கிள்ல போறவன். போன வருஷம் ஒருவாட்டி லோரிக்கு அடியில விழுந்து எழுந்து வந்தான். அதுலேர்ந்து தினமும் இங்க நின்னு கும்பிட்டுட்டுத்தான் போவான். இந்த வாரம் பூரா வெறும் பெட்டியக் கும்பிட்டுட்டுப் போறான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல.”

வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. என் ஒரு படத்துக்காக ஒரு தாய் ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இனிமேல் படமே எடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

“இப்பவே இறக்கிடலாம்க்கா, நானே தூக்குறேன்.”

“இஷ்டத்துக்கு ஏத்தி எறக்க அது என்ன சமையல் கேஸ் தோங்கா? பூசாரி வரணும். அடுத்த ஞாயித்துக்கிழமதான் வராரு.”

ஆக, இன்னும் எட்டு நாள். எட்டு நாளும் சாயங்காலம் குணாவுக்கு மெசேஜ் போட்டேன்: ‘தினேஷ் வந்துட்டானா?’ ஒவ்வொரு நாளும் ‘வந்துட்டான்’ என்று பதில் வந்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கியது. அக்காவின் பயத்தில் பாதியைச் சுமந்த மாதிரி இருந்தது. பாதியே இந்தக் கனம்!

அந்த ஞாயிறன்று போனேன். சட்டையை வெளியே விட்டுக்கொண்டுதான். சிலையை வேட்டியில் சுற்றி, ஒவ்வொரு படியாக இறக்கினோம். பூசாரி இடத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். சுருட்டும் புகைந்தது. தினேஷ் வேலைக்குக் கிளம்பும் சட்டையோடு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். சரோஜா அக்காவின் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன்.

குணா என் தோளைத் தட்டினார்.

“அண்ணே, ஒரு போட்டோ எடுங்க. நெஜமாவே ஆபீஸ்காரன் வந்தா, சாமி இங்கதான் இருந்தாருன்னு காட்டணும்ல? எங்ககிட்ட ஒரு படம்கூட இல்ல. உங்ககிட்ட இருக்கிற நாலுலயும் சுவரும் சாத்துன கதவும்தான்.”

உண்மைதான். அன்று சாமி இருந்தார், அக்கா இருந்தார், விளக்கு இருந்தது. எல்லாவற்றையும் படத்துக்கு வெளியே அனுப்பியது நான்தானே?

இனிமேல் எடுப்பதில்லை என்ற முடிவு எட்டாவது நாளிலேயே உடைந்தது. போனை எடுத்தேன். கூட்டம் மொத்தமும் கோயிலை மறைத்துக்கொண்டு நின்றது. பூசாரியின் தட்டு ஒரு மூலையை மறைத்தது, தினேஷின் ஹெல்மெட் இன்னொரு மூலையை. நட்ட நடுவில் சரோஜா அக்கா. அவர் தோளுக்கு மேலே சாமியின் மீசையும் கண்ணும்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, நான் தள்ளி நிக்கணுமா?”

“வேணாம்க்கா. அங்கேயே நில்லுங்க.”

என் ஆல்பத்தில் பெட்டி தெரியாத ஒரே படம் அதுதான். தினேஷ் கண்ணை மூடியிருக்கிறான்… இன்னொன்று எடுக்கவில்லை.