மல்லிகாவுக்கு பூட்ஸ் தைத்த முஷ்தாக் பாய்

செவ்வாய்க்கிழமை காலை, ரயில் குடியாத்தத்தைத் தாண்டும்போது எங்கள் கம்பெனி சாம்பிள் ரூம் கஸ்தூரியிடமிருந்து போன் வந்தது. எட்டு மணிக்கு முன்னால் அவள் யாரையும் கூப்பிடுகிறவள் அல்ல. "மேடம், பாய் போய்ட்டாரு மேடம்" என்றாள். எந்த பாய் என்று கேட்டேன். எங்கள் கம்பெனியில் பாய் என்று கூப்பிட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் கேட்கும்போதே தெரிந்துவிட்டது. சாம்பிள் ரூமில் பாய் என்றால் ஒருவர்தான். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்பூரில் இறங்கவேண்டிய நான் இறங்க மறந்து, வாணியம்பாடி வரை போய்த் திரும்பி வந்தேன். நேரம் தவறினால் ஊரையே விரட்டுகிற நான்!

இந்த இரங்கல் கூட்டத்தில், முஷ்தாக் பாயோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் எங்கள் கம்பெனியில் அவர் பேட்டர்ன் மாஸ்டர். வெளிநாட்டில் வாங்குகிற பையர் அனுப்பும் படத்தைப் பார்த்து அட்டையில் வடிவம் வெட்டி, முதல் ஷூவை உருவாக்குவது அவர் வேலை. நான் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கிறதா, பதினெட்டு வயது ஆகாத யாராவது வேலையில் இருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு எங்கே இருந்தது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சேர்ந்த புதிதில், தீப்பிடித்தால் யார் எந்த வழியாக வெளியே போகவேண்டும் என்று கலர் கலராக ஒரு வரைபடம் போட்டு ஒட்டினேன். பாய் அதை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்குது மேடம். பேப்பர்ல நிக்குது. கால்ல நிக்குமா?" என்றார். பிறகு நான் வரைந்த வழியிலேயே நடந்து போய்க் கதவைத் தள்ளினார். கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. வெளியே வரிசையாக சைக்கிள்கள். எனக்கு முகம் சிவந்துபோனது. அன்று மத்தியானமே சைக்கிள் ஸ்டாண்டை வேறு பக்கம் மாற்றினோம். 'கால்ல நிக்குமா' என்ற அந்த வார்த்தையை அவர் ஷூவுக்கும் சொல்வார், முதலாளியின் வாக்குறுதிக்கும் சொல்வார், எனக்குத்தான் அடிக்கடி சொல்வார்.

போன வருடம் ஷூ ஆர்டர்கள் குறைந்துபோயிருந்த மே மாதத்தில் பழைய பையர் ஒருவர் புது மாதிரி ஆர்டர் ஒன்று அனுப்பினார். ஹாலோவீனுக்கு வளர்ப்பு நாய்க்குப் போடும் வௌவால் வேஷம். முதுகில் இரண்டு கறுப்புத் தோல் இறக்கைகள், மார்போடு பூட்டும் பட்டை, நான்கு காலுக்கும் குட்டி பூட்ஸ். படத்தைப் பார்த்து சாம்பிள் ரூமே சிரித்தது.

"இன்னா பாய் இது, நாய்க்குப் போய் பூட்ஸா?" என்றாள் கஸ்தூரி. அவள்தான் அங்கே தையல்.

"அங்க அது பேய்ப் பண்டிகையாம். பசங்க பேய் வேஷம் போட்டுக்கினு வீடு வீடா போவாங்களாம். நாயை மட்டும் வீட்ல வுட்டுட்டுப் போவ மனசு வராதாம்."

"அப்போ நம்ம மயானக் கொள்ளைன்னு சொல்லுங்க. மாசி மாசம் பாலாத்துல வந்து பாருங்க, காளி வேஷம் இன்னா, பேய் வேஷம் இன்னா! ஆனா நாய்க்கு எவனும் கட்டினது இல்ல."

"அங்க நாய் ஜாஸ்தி, ஜனம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் பாய் அட்டையை எடுத்தார்.

அடுத்து நடந்த தப்பு ஷூ கம்பெனிக்காரர்களால் மட்டுமே செய்யக்கூடியது. பிறந்ததிலிருந்து ஜோடி ஜோடியாகவே யோசித்துப் பழகியவர்கள் நாங்கள். பையர் கொடுத்த அளவை வைத்து வலது, இடது என்று பிரித்து, நான்கு பூட்ஸையும் ஒரே சைஸில் தைத்து, ஜோடிக்கு ஒன்றாக இரண்டு டப்பாவில் அடுக்கிவிட்டோம். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றார் பாய். எங்கள் கேட்டில் ஒரு நாய் உண்டு. செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், யாருடையதும் அல்ல. வாட்ச்மேன் ஏழுமலை அதைப் பிடித்துக்கொண்டார். முன்னங்காலில் பூட்ஸ் ஏறவே இல்லை. பின்னங்காலில் போட்டது நாலடி வைப்பதற்குள் கழன்று விழுந்தது. விழுந்ததை வாயில் கவ்விக்கொண்டு அது சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி ஓட, சாப்பாட்டு இடைவேளையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா காலைப் பாத்துக்கினு கீறேன். நாய்க்கு முன்னங்கால் பெருசு, பின்னங்கால் சிறுசுன்னு தெரியலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் இடைவேளையில் அட்டையும் பென்சிலுமாக சைக்கிள் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார். பாக்கெட்டில் டீக்கடைப் பொறை ரொட்டி வைத்திருப்பார். ஒரு துண்டு போடுவார், காத்திருப்பார். காலைத் தூக்கிப் பிடித்து அளந்தால் போதாதா என்று ஏழுமலை கேட்டதற்கு, "தூக்கின கால் வேற, நிக்கிற கால் வேற. அதுவா நிக்கும்போதுதான் எடுக்கணும்" என்றார். ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் அவர் உள்ளங்கையை நீட்டினால் அதுவே முன்னங்காலைத் தூக்கி வைக்க ஆரம்பித்தது. தொழுகைக்கு என்று ஆணியில் தனியாக ஒரு சட்டை மாட்டி வைத்திருந்தார். நாய் எச்சில் பட்டுவிடுமே பாய் என்று யாரோ கேட்டபோது, "பட்டா கழுவிட்டுப் போறேன். தண்ணிக்கு இன்னா பஞ்சமா?" என்றார். நான் இதையெல்லாம் என் அறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பக்கத்தில் போகவில்லை.

பூட்ஸ் சரியாக வந்தது. இறக்கையும் பொருந்தியது. பையருக்கு அனுப்பும் ஃபிட்டிங் தாளில் 'மாடல் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். பாய் கஸ்தூரியிடம் கேட்டாராம். "எங்க நாத்தனா பேரு மல்லிகா. போட்டுக்கோங்க பாய். அவளும் யார் வந்தாலும் வாசல்ல நின்னு கத்துவா" என்றாளாம் அவள். தாள் என்னிடம் வந்தது. அன்று வந்த ஒரு கட்டுத் தாளோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

அதே சமயத்தில்தான், பையர் தரப்பில் ஆள் வந்து தொழிற்சாலையைச் சோதிக்கும் ஆடிட் அறிவிப்பு வந்தது. வளாகத்துக்குள் விலங்குகள் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரி எனக்குப் போதும். வண்டிக்காரன் ஒருவனைப் பிடித்து வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவிட்டேன். பாயிடம் போய், "கேட்ல இருக்கிற நாயைப் பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கேன் பாய். உங்க வேலையை அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மல்லிகாவை அனுப்பணும்னா பையர்கிட்ட எழுதி வாங்கணுமே மேடம்."

"யாரு மல்லிகா?"

பைலை எடுத்து நீட்டினார். மாடல் பெயர் மல்லிகா. பையர் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஒப்புதல் பெற்ற மாடலை ஆர்டர் முடியும் வரை எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று கீழே அச்சடித்திருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னது நான்தான். பக்கத்தில் என் கையெழுத்து.

"விளையாடுறீங்களா பாய்?"

"கால்ல நின்னதைப் பேப்பர்ல ஏத்தினேன் மேடம். அவ்ளோதான்."

வண்டியை வேண்டாம் என்று சொன்னேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு டீயோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அதை அனுப்பச் சொன்னது ரூலுக்காகவா, பயத்துக்காகவா?" என்றார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். திமிரியில் எனக்கு ஒன்பது வயதில் ஒரு நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அன்றிலிருந்து எனக்கு நாய் என்றாலே பயம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் விதி, விதி என்று பேசிக்கொண்டிருந்தேன். பாய் கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். "ஒம்போது வயசுலயா... சரி மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது. அதன் பிறகு காலையில் நான் வரும்போது கேட்டில் நாய் இருக்காது. வெயிலுக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிட் அன்று நடந்ததை இங்கே பாதிப் பேர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஆடிட்டர் பைல்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "மல்லிகான்னு ஒருத்தங்களை மாடலா வெச்சிருக்கீங்க. வயசுச் சான்று எங்கே?" பாயைக் கூப்பிட்டேன்.

"மூணு வயசு இருக்கும் சார்" என்றார் பாய்.

ஆடிட்டரின் பேனா நின்றது. "மூணா?"

"மூணுதான் சார். ஆனா பத்து நிமிசத்துக்கு மேல வேலை குடுக்கறதில்ல. வெயில்ல சுத்தமா கிடையாது. தடுப்பூசி போட்டாச்சு." கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்தார். எப்போது கூட்டிப்போய்ப் போட்டுவந்தார் என்பது எனக்கே தெரியாது. பிறகு ஆடிட்டரை சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மல்லிகா வௌவால் வேஷத்தில் நின்றது. பாய் நாக்கைச் சொடுக்கியதும் இரண்டு இறக்கையும் ஆட, நான்கு பூட்ஸும் டக் டக் என்று ஒலிக்க, கல்யாணப் பெண் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் விதி விதிதான். தடுப்பூசியும், பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளரும் இருக்கும்வரை இந்த நாய் வளாகத்தில் இருக்கலாம், பொறுப்பாளர் இல்லையென்றால் அகற்றவேண்டும் என்று எழுதினார். பொறுப்பாளர் கட்டத்தில் பாய் தன் பெயரை எழுதினார்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு பேன்ட் பாக்கெட்டுல எப்பவும் பொறைத் தூள் மேடம். தொவைக்கும்போது பேஜாரா இருக்குதுன்னு கத்துவேன். நேத்துகூட கத்தினேன்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆபீசில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை. அங்கே வைத்து நன்றாக அழுதேன்.

புதன்கிழமை காலை கேட்டுக்குள் நுழையும்போது மல்லிகா நடு வழியில் நின்றுகொண்டிருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏழுமலை ஓடி வந்து அதை விரட்டினார். "மன்னிச்சிடுங்க மேடம். நீங்க வர்ற டயத்துக்கு பாய் இங்க வந்து நின்னு, அதை ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கினு பூடுவாரு. ரயில் லேட்டுன்னாலும் நீங்க உள்ள போற வரைக்கும் அங்கியே பிடிச்சிக்கினு நிப்பாரு. ஒரு வருசமா இதான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு" என்றார்.

அறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக, தினமும். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்ட மனிதர்.

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். "அந்த நாய் விஷயம் மேடம். பொறுப்பாளர் இல்லைன்னா அகற்றணும்னு ரிப்போர்ட்லயே இருக்கு. ஆர்டரும் முடிஞ்சாச்சு. வண்டிக்காரன் நம்பர் உங்ககிட்டதானே இருக்கு?" அவர் பேரில் தப்பில்லை. அவர் சொன்னது என் பாஷை. தாளை எடுத்தேன். பாயின் பெயரை அடித்தால் கட்டம் காலியாகும். காலியாக விடக்கூடாது என்பது என் சட்டம். அவர் பெயருக்கு மேலே கோடு போட எனக்குக் கை வரவில்லை. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். மேனேஜர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெயர் எழுதியாயிற்று. ஆனால் காதில் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பேப்பர்ல நிக்குது மேடம்.

சாம்பிள் ரூமில் அவர் மேசை மேல் பொறை டப்பா அப்படியே இருந்தது. இரண்டை எடுத்துக்கொண்டேன். கஸ்தூரி தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சைக்கிள் ஸ்டாண்டில், அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். மல்லிகா தூரத்தில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. ஒரு துண்டைப் போட்டேன். காத்திருந்தேன். அது எழுந்து வரும்போது எனக்கு ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினேன்.

அந்த டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், தினமும் இடைவேளையில் அந்தப் பத்து நிமிடமும்தான். அன்று நீட்டிய என் கை நடுங்கியது. அதன் மேல் வந்து உட்கார்ந்த முன்னங்கால் நடுங்கவில்லை. கால்ல நிக்குது பாய்.