கோட்டின் மேல் முளைத்த பூஞ்சை

கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் புஷ்பவல்லிக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். காரைப் பூட்டிவிட்டு, இரண்டு முறை திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்க்கிற ஆள். "இந்தக்கா கையில ஒண்ணு தப்பாப் போனா, அன்னைக்கு லோகமே முடிஞ்சிரும்லா" என்று கூட வேலை பார்க்கும் ராதாகிருஷ்ணன் கிண்டல் செய்வான்.

நோயாளியின் சளியைக் கிருமி வளர்க்கும் சிறு தட்டில் கோடு கோடாக இழுத்து வைத்து, பூஞ்சை முளைக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கோட்டின் மேல் முளைத்தால் சளியிலிருந்தே வந்தது. கோட்டுக்கு வெளியே முளைத்தால் பெரும்பாலும் காற்றில் வந்து விழுந்தது. இரண்டு வாரமாகப் பக்கத்து அறையின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தூசி சொல்லி மாளாது. எந்தத் தட்டைத் திறந்தாலும் பச்சைப் புள்ளி. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், எல்லாவற்றுக்கும் 'கான்டாமினேஷன்', அதாவது வெளியிலிருந்து கலந்த அழுக்கு, என்று எழுதித் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை காலை, முந்தின நாள் அப்படி எழுதிய ஒரு தட்டைக் கழிவுப் பையில் போடப் போனவள், என்னவோ தோன்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயர் வாசு. பந்திங்கில் லோரி ஓட்டுகிறவர். கடும் காய்ச்சலில் நுரையீரல் கெட்டு, ஐசியூவில் செயற்கை மூச்சுக் குழாயோடு கிடக்கிறார். பச்சை, கோட்டின் மேலேயே வரிசையாக முளைத்திருந்தது.

குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த சளியை எடுத்தாள். சளியைத் தடவிய முதல் கண்ணாடித் துண்டு அவசரத்தில் விழுந்து உடைந்தது. இரண்டாவதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, பூஞ்சையின் கிளை பிரிந்த இழைகள் தெளிவாகத் தெரிந்தன. உடனே ஐசியூ டாக்டர் திருச்செல்வத்துக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், வாசு ரிப்போர்ட் தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன். அது ஃபங்கஸ்தான்."

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஃபங்கஸ் இல்லைன்னு நம்பி, நேத்து ஸ்டீராய்ட கூட்டிட்டேன்கா. அது ஃபங்கஸ இன்னும் வளர்த்து விட்டிருக்கும். இப்பவே மருந்து ஆரம்பிக்கிறேன்."

"பிழைச்சிருவாரா டாக்டர்?"

"தெரியலக்கா. இன்னைக்காவது சொன்னீங்களே."

அவமானத்தில் முகம் எரிந்தது. போனை வைக்கப் போனாள்.

"அக்கா, இருங்க. ரெண்டு வாரமா எங்க வார்டுக்கு வந்த ரிப்போர்ட் எல்லாமே கான்டாமினேஷன்தானே? அந்த பிளேட்டெல்லாம் இருக்கா?"

புஷ்பவல்லி கழிவுப் பையைத் திரும்பிப் பார்த்தாள். வாசுவுக்கு முன்பு வந்த அத்தனை தட்டுகளையும் அவளே கிருமி சாக நீராவியில் அவித்து, வெள்ளிக்கிழமையே குப்பைக்கு அனுப்பியிருந்தாள்.