முதுகைக் காட்டி நிற்கும் பயிற்சியாளன்

ஒஸ்லோ வந்து மூன்றாம் நாள், எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் நிற்கிறேன். என் பள்ளித் தோழன் சிவம் முப்பத்தொரு வருடமாக இங்குள்ள கல்லூரிக் கால்பந்து அணியின் பின்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். இன்றுடன் ஓய்வு. ஒரு கோல் முன்னிலை. அதை இழந்தால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவனோ, எப்போதும் இப்படித்தானாம், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பிடித்தபடி நிற்கிறான்.

"திரும்பிப் பாரடா!"

"தேவையில்லை மச்சான். பின்வரிசை நாலு பேரும் ஆளையாள் கூப்பிட்டுக் கதைக்கினம், கேக்குதெல்லே? அந்தச் சத்தம் நிண்டுபோனால்தான் எங்களுக்குக் கோல் விழும்."

எண்ணுகிறேன். மூன்று குரல். பதறிப்போய் மறுபடி எண்ணுகிறேன். நான்கு.

விசில் நீளமாக ஒலிக்கிறது. பையன்கள் கத்திக்கொண்டு இவனிடம் ஓடி வருகிறார்கள்.

"வெண்டாச்சு, திரும்படா!"

"ஓம், கேட்டது." வேலியை விடவில்லை. "கொஞ்சம் பொறு, முகத்தைத் துடைச்சிட்டுத் திரும்புறன்."