பார்க்கிங் நெரிசல் என்று ஒரு மனு

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னை அடுத்த வெரிபீயில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் வருஷம் எங்களுக்கு எல்லாமாக இருந்தவர் என் கணவரோடு கல்லூரியில் படித்த ஒருவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவர். மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது தினமும் ரசம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் பஜனை, பிறகு சாப்பாடு. போகப்போக சாப்பாட்டுப் பேச்சு முழுக்க முஸ்லிம்களைப் பற்றியே ஆனது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அதே வீடியோக்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அப்போது பக்கத்துத் தெருவில் காலியாகக் கிடந்த கடையைத் தொழுகைக்கூடமாக்க அங்குள்ள முஸ்லிம்கள் நகர கவுன்சிலில் விண்ணப்பித்திருந்தார்கள். ஒரு ஞாயிறு அண்ணன், தொழுகைக்கூடங்களை எதிர்க்கும் அமைப்பு ஒன்றை நடத்தும் ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார் அவர். சம்மணம் போட்டு உட்காரப் பார்த்து, முடியாமல் சிரித்தார். இந்தியாவில் உங்கள் ஆட்கள் செய்வதைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்றார். ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்களுக்கு அண்ணன் அதைப் பெருமையோடு தமிழில் சொன்னார். பிறகு ஆட்சேப மனு கைமாறி வந்தது. பார்க்கிங் நெரிசல் என்றுதான் அதில் காரணம் போட்டிருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். விண்ணப்பித்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என்னோடு ஷிப்ட் பார்க்கும் அக்கா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். அவர் இலங்கைத் தமிழர். படகில் வந்து, சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, இன்னமும் தற்காலிக விசாவில் இருப்பவர். நோட்டீஸ் அவர் வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்ததாம். படகில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பு என்றிருந்தது. கீழே அந்த வெள்ளைக்காரருடைய அமைப்பின் பெயர்.

"இந்த ஆக்களை உங்களுக்குத் தெரியுமோ, தங்கச்சி?"

தெரியாது என்றேன்.

அக்கா அதை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவையின்ரை பேஸ்புக்கில உங்களைக் கண்டனான். அந்த ஆளுக்குப் பக்கத்தில சிரிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். அதுதான் கேட்டனான்."

வேலை முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் நோட்டீஸைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவங்க திருட்டுத்தனமா வந்தவங்கம்மா. நாம முறையா விசா எடுத்து வந்தோம். ரெண்டும் ஒண்ணா?" என்றார். அக்காவும் முருகனைக் கும்பிடுகிறவர்தான் என்று சொன்னேன். அது வேறு விஷயம் என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ போட எழுந்து போனார்.

அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகினேன். கணவர் விலகவில்லை. கஷ்டத்தில் உதவிய மனிதரை எப்படி விடுவது என்கிறார். ஞாயிறுகளில் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். நான் தடுக்கிறேன், சண்டையாகிறது, அவள் போய்விட்டுத்தான் வருகிறாள்.

அக்கா வேறு ஷிப்ட் கேட்டு மாறிக்கொண்டார். ஒருநாள் தாழ்வாரத்தில் வழிமறித்து மன்னிப்புக் கேட்டேன். "ஓம்" என்றார். மூன்றாம் அறைக்காரர் காலையிலிருந்து மாத்திரை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.